கஞ்சியாகிப்போன கடைசிப் பக்கங்கள்

ஜனவரி 9

மருமகள் பல்லழகிக்கு,

நான் சொன்னேனா இல்லையா? முதலில் அதற்குப் பதில் எழுது, நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். பாலத்துக் கதையில் டி.வி.காரன்கள் ஒருநாள் கை வைப்பான்கள், வைத்தால் நாறடிப்பான்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்பே டீக்கடையில் சாட்சியோடு சொன்னவன் நான். சாட்சி இப்போது உயிரோடு இல்லை, அது வேறு விஷயம். பத்து வாரத் தொடராம், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. முதல் வாரம் பார்த்தாயிற்று. தூ!

நான் நலம். முழங்கால் நலமில்லை. போனில் மட்டும் கூப்பிடாதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்ற காது இது. போனில் நீ பேசினால் தகர டப்பாவுக்குள் வண்டு பேசுவதுபோல இருக்கிறது.

உனக்குக் கதை தெரியாதே, சொல்கிறேன். ஆற்றில் படகு விடுகிறவரின் மகள் ஒருத்தி. அங்கே பாலம் கட்ட ஒரு இன்ஜினியர் வருகிறான். பாலம் முடிந்தால் படகுக்கு வேலையில்லை. ‘உன் பாலத்தில் கால் வைக்க மாட்டேன்’ என்று அவள் சபதம் செய்கிறாள். அப்புறம் அவனிடமே மனசைக் கொடுத்துவிடுகிறாள். பாலம் முடிந்ததும் அவன் ஊரைவிட்டுப் போகிறான். எண்பது வருஷத்துக்கு முந்தின நாவல். எழுதினவரின் தலையணை உறையை என் கையால் வெளுத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது.

அதை இந்தப் பாவிகள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? படகுக்காரர் மகள் சேற்றில் இறங்கி ஏறுகிறாள், உடுப்பின் ஓரத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. உடுப்பின் கையில் ஸ்டீம் பிரஸ் மடிப்பு! கட்டிலில் பாலியெஸ்டர் விரிப்பு! எண்பது வருஷத்துக்கு முன்னால் பாலியெஸ்டர் யார் வீட்டுக் கட்டிலில் கிடந்தது? ரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் கையால் அள்ளினவன் நான், ஒருநாளும் குமட்டியதில்லை. அந்த விரிப்பைப் பார்த்ததும் குமட்டியது.

உன் அம்மா கண் கொட்டாமல் பார்க்கிறாள். மடியில் துணிக்கடையில் கூலிக்குத் தைக்கக் கொடுத்த திரைச்சீலை, கை அது பாட்டுக்கு வளையம் தைக்கிறது. நான் ஒவ்வொரு தப்பாக எடுத்துச் சொன்னேன். “அண்ணா, வாயை மூடிட்டுப் பாரேன்” என்கிறாள். படித்தவன் அருமை வீட்டில் தெரிவதில்லை.

உடனே எழுது.
மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். எதைச் சொல்லவில்லை என்று மட்டும் ஒருநாள் பட்டியல் கொடுங்கள், சின்னதாகத்தான் இருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். பல் செய்கிற கூடத்தில் வேலை அதிகம், இந்த வாரம் மட்டும் பத்தொன்பது பேருக்கு மேல்வரிசை. விரல் இடுக்கெல்லாம் அச்சு வார்க்கிற மாவுக்கல்.

மாமா, எனக்குத் தொடர் பிடித்திருக்கிறது. திட்டாதீர்கள். எங்கள் விடுதியில் பதினாலு பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிறோம். வார்டன்கூடத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அவன் முதல்முறை படகில் ஏறுகிறானே, அந்த இடம் கவனித்தீர்களா? அவள் துடுப்பை வேண்டுமென்றே மெதுவாகப் போடுகிறாள். அக்கரை சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று. வாயால் ஒரு வார்த்தை கிடையாது. அறையில் ஒருத்தி மூச்சு விடவில்லை. நீங்கள் அப்போது கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

(இன்ஜினியருக்கு முன்பல் இரண்டும் கட்டின பல். அதை நானும் பார்த்தேன். நம் குடும்பத்து ரத்தம்.)

அம்மாவிடம் போனில் பேசினால் “சாப்பிட்டியா, தூங்கினியா, வெச்சிடவா” என்பதற்கு மேல் வராது. இப்போது தொடரைப் பற்றி மட்டும் கேட்கிறாள். “அவன் போறது எந்த வாரம் வரும்?” என்று நேற்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும்? அவளுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

பல்லழகிக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இது வேறு. உட்கார்ந்து படி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தெரியுமல்லவா, தபால் ஆபீசுக்கு எதிரே? மனைவி போய் எட்டு வருஷம் ஆன மனிதர். ஆறு வருஷமாக உன் அம்மாவின் கண்ணாடிக் காலை இறுக்கித் தருகிறார். எந்தக் கண்ணாடியும் மாதம் இரண்டு தடவை தளராது என்று நான் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். போன வாரம் என் அறைக்கு வந்தார். பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி நாலு தடவை துடைத்தார்.

“அவங்ககிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா இல்லைன்னு சொல்லட்டும், பரவாயில்லை. கண்ணாடிக்கு மட்டும் எப்பவும்போல வரச் சொல்லுங்க.”

அந்த இடத்திலேயே நான் ஒரு மணி நேரம் பேசினேன், அவர் கண் கலங்கிவிட்டது. சரி, கால் மணி நேரம். உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை நூல் உள்ளே போகவில்லை. அப்புறம் சொன்னாள்: “தொடர் முடியட்டும் அண்ணா. பார்த்துட்டுச் சொல்றேன்.”

ஏன் தொடர் என்று கேட்பாய். உனக்கு நாலு வயதில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். பதினோரு நாள் கட்டு. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாது, தையல் விட்டுடும், அப்புறம் நான் பொறுப்பில்லை” என்றார். என்னை நம்பித்தான் சொன்னார். பதினோரு நாளும் அவளை அழவிடாமல் காத்தவன் நான். எப்படி? இந்த நாவலைப் படித்துக் காட்டித்தான். நோயாளி யாரோ மெத்தைக்கடியில் விட்டுப் போனது, துணியோடு சலவைக்கு வந்தது.

கடைசியில் இன்ஜினியர் திரும்பி வருகிறான் அல்லவா, அது உன் அம்மா மனசில் தைத்துப் போயிற்று. உன் அப்பாவும் அந்தச் சமயம்தானே வெளியூர் வேலைக்குப் போனது. அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சும்மா சாத்தி மட்டும் வைப்பாள். நான்தான் பூட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், அது இன்னும் டப்பாவில் இருக்கிறது.

ஐந்தாவது வாரமும் குப்பை.
மாமா


பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். கையிலிருந்த கீழ்வரிசை விழுந்து இரண்டு பல் போயிற்று. யாரோ ஒரு பெரியவர் என்னால் ஒரு வாரம் கூழ் குடிக்கப்போகிறார். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா சரி சொல்ல வேண்டும், மாமா. எனக்கு அவ்வளவுதான் வேண்டும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் நினைப்புதான். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு அவள் அந்தத் தாழ்போடாத கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். தாழ்ப்பாள் விஷயம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் பாதி நாள் பூனை உள்ளே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகும். “பூனைதானே” என்பாள்.

அப்படியானால் அந்த முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் திரும்பி வந்தால் அம்மா கடைக்காரரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாள், அப்படித்தானே? நாவலை நானே வாங்கிப் படித்துவிடுகிறேன். இங்கே பழைய புத்தகக்கடை ஒன்று இருக்கிறது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.
உங்கள் மருமகள்


பிப்ரவரி 16

பல்லழகிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது, இதோ உடனே எழுதுகிறேன். நாவலை வாங்காதே. இப்போது அச்சடிப்பதெல்லாம் எலி கடித்த பதிப்பு. எழுத்துப் பொடி, கண் போய்விடும், பல் வேலைக்குக் கண் முக்கியம். முடிவைத்தான் நானே சொல்கிறேனே.

பத்தொன்பது வருஷம் கழித்து, மழையில், இன்ஜினியர் வருகிறான். தலை நரைத்திருக்கிறது. அவள் வீட்டுக் கதவைத் தொடுகிறான், திறந்துகொள்கிறது. “தாழ்ப்பாள் போடலையா?” “நீங்க வருவீங்கன்னு தெரியும்.” அவ்வளவுதான். அன்றைக்கு வார்டில் இதைப் படித்துக் காட்டியபோது பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்து கைதட்டினார், இடுப்பெலும்பு முறிந்தவர்.

ஆண்பிள்ளை விடைபெறுவது எப்படி என்று எனக்குத் தெரியும், டி.வி.காரனுக்குத் தெரியாது. உன் அப்பா போன அன்றைக்கு யாரிடம் வந்தார்? என்னிடம். சலவைக்கூடத்து வாசலில், கொளுத்துகிற வெயிலில், பெட்டியோடு நின்றார். என் கை முழுக்கச் சோப்பு நுரை. அந்த நுரையோடு கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், அவ கண்ணுல கட்டு, நான் சொன்னா அழுதுடுவா. கதவைத் தாழ்போடாம வெச்சிருக்கச் சொல்லுங்க, வந்துடுவேன்” என்றார். என் சட்டைக் கை நனைந்து போயிற்று. நான் உன் அம்மாவிடம் போய் அட்சரம் பிசகாமல் சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அவள் அழவே இல்லை.

கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

புத்தகம் வேண்டாம். மறக்காதே.
மாமா


மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருமல் வந்து போயிற்று, இப்போது பரவாயில்லை.

நாவலாசிரியரின் தலையணை உறையை நீங்கள் வெளுத்ததாக எழுதியிருந்தீர்கள். தொடரின் தொடக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே வருஷம் போடுகிறார்கள். நீங்கள் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே அவர் போய்விட்டார். அவர் தம்பியாக இருக்கும் என்று எழுதுவீர்கள், நானே எழுதிக்கொண்டேன்.

அப்பா விடைபெற்றது நீங்கள் சொல்லி எனக்கு ஏழெட்டு முறை கேட்ட கதை. சின்ன வயதில் அன்றைக்கு மழை பெய்யும். அவர் குடையில்லாமல் நனைவார். இப்போது வெயில். பரவாயில்லை. எனக்கு அவர் முகமே சரியாக நினைவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கடிதம் போடாத ஒரு ஆளை நினைத்தால், வாயில் ஊறப்போட்ட மாவுக்கல்லைக் கடித்ததுபோல இருக்கிறது. ஆனால் ‘உங்களிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்’ என்கிற ஒன்றைத்தான் அம்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஊரில் யாராவது அப்பாவைப் பற்றிப் பேசினால் அதைத்தான் எடுத்துக் காட்டுவாள். “ஓடிப் போறவர் வந்து சொல்லிட்டா போவார்?” என்பாள்.

கடைசி வாரம் வருகிற ஞாயிறு. பார்த்துவிட்டு அம்மா என்ன சொன்னாள் என்று அன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 9

பல்லழகிக்கு,

நலம். நேற்று முடிந்தது.

அவன் வரவில்லை. டி.வி.யில் அவன் வரவில்லை! பத்தொன்பது வருஷம் அவள் ஜன்னலில் நிற்கிறாள், தலை நரைக்கிறது. ஒருநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு, கால் வைக்க மாட்டேன் என்றாளே அந்தப் பாலத்தில் ஏறி, நடந்து, அக்கரைக்குப் போய்விடுகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது ஒரு முடிவா? அழுக்குத் தண்ணீரிலேயே துணியை அலசி அப்படியே காயப்போட்ட மாதிரி. எனக்கு வந்த அருவருப்பில் எழுந்து நின்று கத்தினேன். “பொய்! நாவல்ல அவன் வர்றான்!”

உன் அம்மா டி.வி.யை அணைத்தாள். 

“நீ எழுத்தெழுத்தா படிச்சியே அண்ணா. இவங்கதான் மாத்திட்டாங்க, இல்ல?”

“ஆமாம்” என்றேன்.

“அப்போ கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு.”

இன்று காலையில் போய்ச் சொன்னேன். அவர் கவுன்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சரிங்க” என்றார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். “கண்ணாடிக்கு வருவாங்கள்ல?” என்றார்.

எனக்கு வயிறு சரியில்லை. தொடரின் வேலைதான்.
மாமா


மார்ச் 25

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நாவலை வாங்கிவிட்டேன். முந்நூற்று நாற்பது பக்கம். இரண்டு நாளில் படித்தேன். கடைசி இருபத்தெட்டுப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை.

அவன் வரவில்லை. எழுதினவரே அவனை வரவிடவில்லை. அவள் செருப்பைப் போடுவது, பாலத்தில் நடப்பது, நடுவில் நின்று கீழே தன் அப்பாவின் பழைய படகைப் பார்ப்பது எல்லாம் அப்படியே புத்தகத்தில் இருக்கிறது. தொடர் எடுத்தவர்கள் ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. எங்கள் அறையில் பதினாலு பேரும் அழுதோம், ஆனால் அது நல்ல அழுகை. நம் வீட்டில் மட்டும்தான் அந்தக் காட்சி வேலை செய்யவில்லை.

மழையில் வந்த ஆள் யார், மாமா? தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டது யார்?

புத்தகத்தை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு நீங்கள்தானே படித்துக் காட்டினீர்கள். நீங்களே படித்துக் காட்டுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 20

மாமாவுக்கு,

பார்சல் வாங்கியதற்கு உங்கள் கையெழுத்துப் போட்ட அட்டை எனக்கு வந்து மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டால், “உன் மாமா சாப்பிடக்கூட சரியா வர்றதில்லை, வந்தா பேசறதில்லை” என்கிறாள். நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பல்லழகி


மே 3

பல்லழகிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்கால், காது எல்லாம் பழையபடி. முதலில் புத்தகம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் படித்த பிரதி மெத்தை உறையோடு சேர்ந்து கொதிதண்ணீர் மெஷினுக்குள் போய்விட்டது. நான் கையை விட்டு எடுத்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை ஈரத்தோடு தப்பியது. மிச்சம் கஞ்சி. கையில் வழித்துச் சாக்கடையில் போட்டேன். ஆக, முடிவு எனக்குத் தெரியவே தெரியாது. பத்து வாரமும் டி.வி. முன்னால் உன் அம்மாவைவிட நான்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டில் விரிப்பைத் திட்டாமல் வேறு என்ன செய்வேன்?

நீ அனுப்பியதைப் போன ஞாயிறு எடுத்துப் போனேன். இருபத்தெட்டுப் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். முடித்துவிட்டு, “அன்னைக்குச் சொன்னது நானா கட்டினது. பக்கம் கஞ்சியாப் போச்சு” என்றேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்!

“கஞ்சியாப் போச்சா? அதான் உன் முடிவுல மழை ஒரேயடியாப் பெய்ஞ்சுது. எழுதறவங்க அவ்வளவு தண்ணி விட மாட்டாங்க.”

“அப்போ கடைக்காரர்கிட்ட...”

“ஏன் அண்ணா, கதைக்காகவா நான் கதவைத் திறந்து வெச்சேன்? நான் என்ன சின்னப் பிள்ளையா? அவர் உன் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாரே, அதுக்காகத்தான். தொடர் முடியட்டும்னு சொன்னது, யோசிக்க அஞ்சு வாரம் வேணும்னு. கதை எப்படி முடிஞ்சா என்ன.”

எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் சாப்பிடப் போகவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்தால் என் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை அழுக்கு எடுத்த கை. இதுவரை நான் அதை மோந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை போனேன். போகும்போதே பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன், நாலு உவமை, இரண்டு கண்ணீர். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. ஒரே வாக்கியம் சொன்னேன். எனக்கே நம்ப முடியவில்லை, என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக எதையும் சொன்னதில்லை.

அவள் அழவில்லை. டாக்டர் சொன்ன பதினோரு நாளும் தாண்டி எவ்வளவோ வருஷமாயிற்று, இப்போது அழலாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடித்து வைத்தாள். முகம் கழுவினாள். என்னைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன், தபால் ஆபீஸ்வரை. கண்ணாடிக்கடைக்குள் போனாள். வெளியே நின்றவனுக்கு என்ன கேட்கும், இந்தக் காதுக்கு? பார்க்க மட்டும் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கவுன்டரில் வைத்தாள். அவர் எடுத்துக் காலை ஆட்டிப் பார்த்தார். அது தளரவே இல்லை போலிருக்கிறது. ஏதோ சொன்னார். இவள் ஏதோ சொன்னாள். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார்.

என்ன சொன்னாள் என்று அவளே உனக்குச் சொல்லட்டும். இதை நான் கட்டப்போவதில்லை.

திரும்பி வந்தாள். நானும் வந்தேன். படியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்தில் ஆஸ்பத்திரித் துணிக்குக்கூட நான் அப்படி முகம் சுளித்ததில்லை. “நீ கொஞ்ச நாள் சாப்பிட வராதே அண்ணா” என்றாள். உள்ளே போனாள். நான் வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே தாழ்ப்பாள் விழுந்தது. துருப்பிடித்தது, மூன்று தடவை தள்ளித்தான் போட்டாள். எனக்கே கேட்டது.

அவளிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை உனக்கும் எழுத வேண்டும். ஏனென்றால் அவர் உன் அப்பா.

ஆபரேஷன் ஆன நாலாம் நாள், “அவர் ஏன் வரலை?” என்று கேட்டாள். கட்டுக்கடியில் அவள் கண் துடித்தது எனக்குத் தெரிந்தது. மாற்றுத்துணி எடுக்க அன்று காலையில்தான் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைக் காணோம். குழாய் திறந்தபடி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாய். வாசல் கதவு தாழ்போடாமல் கிடந்தது. அந்தக் கதவு ஒன்றுதான் உண்மை. மீதியை அதன் மேல் நான் கட்டினேன், வெயில், நுரை, மச்சான் என்று கூப்பிட்டது எல்லாம்.

உன் அப்பா அன்றைக்குச் சலவைக்கூடத்துக்கு வரவே இல்லை.

மாமா